பத்தாயிரம் அடி

பதிவாளரின் சுற்றறிக்கையைப் படித்ததும் பல்கலைக்கழக உடற்கல்வி ஆசிரியைக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலைவரை பற்றி எரிந்தது. புதிய திட்டம் வந்தபிறகு மாணவர்கள் எல்லோரும் தினம் பத்தாயிரம் அடி நடக்கிறார்களாம். செல்போன் செயலியே சொல்கிறதாம். நேற்றுக்கூட இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று பேர் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கேதான் நடக்கிறார்கள் என்று தேடிப்போனவள் வேதியியல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தாள். குடுவைகளைக் குலுக்கும் மெஷின்மேல் பதினோரு செல்போன்கள் ஆடிக்கொண்டிருந்தன. போன்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அரட்டையடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வெட்கமா இல்ல உங்களுக்கு?"

"மைதானம் பூரா காரை நிறுத்திட்டு நடக்கச் சொன்னா, எங்க மேடம் நடக்கிறது?" என்றாள் ஒரு மாணவி.

ஆசிரியை ஜன்னல் வழியே பார்த்தாள்; மைதானம் முழுக்க அலுவலர்களின் கார்கள். கோபம் அடங்கவில்லை, ஆள்தான் மாறியது. விசிலை எடுத்து ஊதினாள்.

கால் மணி நேரத்தில் மொத்த வகுப்பும் மைதானத்தில் கார்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் மாட்டிக்கொண்ட காரிலிருந்து பதிவாளர் விடாமல் ஹாரன் அடித்தார்.

"என்னம்மா கூத்து இது? வழி விடச் சொல்லுங்க. மாணவர் ஆரோக்கியக் கூட்டத்துக்கு நேரமாச்சு!"

"கூட்டம் எங்க சார்?"

மைதானத்துக்கு அந்தப் பக்கம் தெரிந்த கட்டடத்தைக் காட்டினார்.

அவள் கார் ஜன்னலுக்குள் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க சார். லேப்ல குடுவை குலுக்கற மெஷின் இருக்கு. அதுமேல வெச்சா, நீங்க உட்கார்ந்த இடத்துலேயே நடந்து முடிச்சிடலாம்."