கவிழ்ந்திருந்த கோப்பை

மேசையில் கிடந்த தட்டுகளையெல்லாம் கழுவுதொட்டியில் போட்டுவிட்டு, கடைசியாக அந்த நீலக் கோப்பைக்குக் கை நீட்டினாள் ஐலா.

"அதத் தொடாத," என்றாள் அவள் அம்மா லெம்பி.

அன்று காலையிலிருந்து லெம்பி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. தேவாலயத்தில் பாதிரியார் கையைப் பிடித்தபோதும், மண் பனியில் உறைந்து கிடப்பதால் சவப்பெட்டி வசந்தம்வரை கல்லறைக் கட்டடத்தில் இருக்கட்டும் என்றபோதும், தலையை மட்டும் ஆட்டியிருந்தாள்.

கோப்பை அப்பா ரெய்னோவுடையது. அவர் இறந்த வியாழக்கிழமையிலிருந்து கவிழ்ந்தே கிடந்தது. இன்று திங்கள்.

அந்த வீட்டில் பிறந்தவளுக்கு விளக்கம் தேவையில்லை. சண்டை முற்றி, இனிப் பேசினால் கண்டதையும் கொட்டிவிடுவோம் என்று தோன்றுகிறவர் தன் காபிக் கோப்பையைக் கவிழ்த்துவிட வேண்டும். அதற்குமேல் அந்தச் சண்டையைப் பற்றி ஒரு சொல் கூடாது. யாரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பவும் கூடாது. கவிழ்த்தவரேதான் பொழுது சாய்வதற்குள் நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தியதும் தன் நியாயத்தை ஆரம்பிக்கக் கூடாது. எதிராளி சொன்னதை, அவர் ஆமாம் என்று ஒப்புக்கொள்ளும்படி முதலில் சொல்லிக் காட்ட வேண்டும். கல்யாணமான முதல் வருஷத்தில் ஏழு தட்டுகளை உடைத்தபிறகு ரெய்னோவும் லெம்பியும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் இது. ஐலா தன் வீட்டிலும் கொண்டுவரப் பார்த்தாள். கணவன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் கல்யாணம் ஆறு வருஷம்கூடத் தாங்கவில்லை.

"எதுக்கும்மா சண்டை?"

"கூரைக்குத்தான். ரெண்டடி பனி நிக்குது, வாரித் தள்ளலன்னா கூரையே இறங்கிடும், ஆர்வோவக் கூப்பிடுங்கன்னேன். நான் எதுக்குக் கூப்பிடணும், அவனுக்குக் கண்ணு இல்லியான்னார். எழுபத்தி மூணு வயசுல ஏணி ஏற வெக்கமில்ல, பெத்த புள்ளகிட்ட கேக்கத்தான் வெக்கமான்னேன். உடனே கோப்பையக் கவுத்துட்டார்." லெம்பி மேசைவிரிப்பைத் தடவி நேராக்கினாள். "எங்க கிளம்பிட்டீங்கன்னேன். கார்லதானே போகக் கூடாது, கூரைக்குப் போனா என்னான்னு சிரிச்சார்."

பாதிக் கூரையைச் சுத்தம் செய்திருந்தார். மீதிப் பாதிக்கு நெஞ்சு ஒத்துழைக்கவில்லை. அந்த ஏரிக்கரை ஊர்க்காரர்களுக்கு வாய் திறந்து உதவி கேட்பதைவிட உயிரை விடுவது சுலபம். ரெய்னோ அதைச் செய்தே காட்டிவிட்டார்.

நவம்பரில் மான் வேட்டைக் குடிலில், அடுப்பை அணைக்காமல் வந்தது யார் என்று அப்பனும் மகனும் முட்டிக்கொண்டார்கள். குடிலில் கோப்பை கிடையாது, தகர டம்ளர்தான். அங்கே யாருக்கும் எதையும் கவிழ்க்கத் தோன்றவில்லை. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது.

கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு தம்பி ஆர்வோ வந்தான். தேவாலயத்தில் மீந்த ஏலக்காய் ரொட்டியை மேசைமேல் வைத்தான். தொப்பியைக் கழற்றவில்லை. "நான் கிளம்புறேன்."

ஐலாவால் அடக்க முடியவில்லை. "பத்து மைல்லதானடா இருக்க? மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியா?"

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்."

"கூப்பிடணுமா? உங்கப்பன் வீட்டுக் கூரைடா அது!"

"நீ பேசாதக்கா. மில்வாக்கில உக்காந்துக்கிட்டு மாசத்துக்கு ஒரு ஃபோன். கிறிஸ்துமஸுக்காவது வந்தியா?"

நீதான் அவரைக் கொன்றாய் என்ற சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஆர்வோ அதன்பிறகு அந்த வாசலை மிதித்திருக்க மாட்டான். அம்மா இருவரையும் பார்க்கவில்லை. நீலக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐலா தன் கோப்பையை டக்கென்று கவிழ்த்தாள். அதில் பாதிக் காபி இருந்தது, விரிப்பெல்லாம் பரவியது.

கார் சாவியோடு கதவருகே போயிருந்த ஆர்வோ சத்தம் கேட்டுத் திரும்பினான். கவிழ்ந்த கோப்பையைப் பார்த்தான். பிறகு சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, வாசலில் சாத்தியிருந்த மண்வாரியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஏணி சுவரில் மோதும் சத்தம் கேட்டது. ஐலா கோட்டைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவன் கீழே பார்த்தான். பிறகு ஏறினான். அப்பா விட்ட இடத்திலிருந்து வாரித் தள்ளினான். பனி பொத்துப் பொத்தென்று இருபுறமும் விழுந்தது. அவன் இறங்குவதற்குள் அவள் விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஏணியை விட அவளுக்கு மனம் வரவில்லை.

உள்ளே வந்தபோது சன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. லெம்பி புதிதாகக் காபி போட்டிருந்தாள். ஐலா உட்கார்ந்து, தன் கோப்பையை நிமிர்த்தினாள்.

"அப்பா கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்னு சொன்ன," என்றாள். "நானும்தான் வரலைன்னு சொன்ன. அதானே?"

ஆர்வோ தொப்பியைக் கழற்றினான்.

"ரெண்டாவது சரி. மொதல்ல சொன்னது நான் சொல்ல வந்தது இல்லக்கா. போன வாரம் ரெண்டு தடவ இந்த வழியா போனேன். கூரையப் பாத்தேன். கூப்பிடட்டும்னு போயிட்டேன்."

அடக்கிவைத்த அழுகையெல்லாம் அவனுக்கு ஒரேயடியாக வந்துவிட்டது. ஐலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகைதான்.

லெம்பி நீலக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அது அப்பாதானேம்மா நிமித்தணும்?"

"பொழுது சாஞ்சு நாலு நாளாச்சு."

அதை நிமிர்த்தினாள். பிறகு அவரே பேசுவதுபோல, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்: "'லெம்பி, ஆர்வோவக் கூப்பிடுன்னு சொன்ன. நான் விழுந்துடுவேன்னு பயந்த. அதானே?'"

"ஆமா," என்று தலையாட்டினாள்.

அடுத்தது அவர் தன் நியாயத்தைச் சொல்லும் முறை. லெம்பி எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு கோப்பையைத் துடைத்து, காபி ஊற்றி, மகன் பக்கம் நகர்த்தினாள்.

"குடி. ஆறிடப் போவுது."