மெஷின் எட்டிப் பார்த்த விலை

"எங்கப்பாவோட பேண்டு செட் பேரை மட்டும் நம்ம மெஷின் தொடக் கூடாது சார்."

வீட்டு ஆட்களுக்காகச் சலுகை எதையும் கேட்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். சங்கமித்ரா கேட்டேவிட்டாள்.

புதுப்பிக்க மறந்ததால் ஏலத்துக்கு வந்த இணையதளப் பெயர் அது. ஆஸ்டின் டவுன் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து அப்பா விலை ஏற்றிக்கொண்டிருந்தார். எதுவரை போவேன் என்று அவர் ரகசியமாகப் பதிந்த உச்ச விலையை, ஏலம் நடத்தும் கம்பெனியின் மெஷினே எட்டிப் பார்த்து, கடைசி நொடியில் கொஞ்சம் கூட்டிப் பிடுங்கிவிடும்.

மேனேஜர் ராகேஷ் சிரித்தான். "அந்த ப்ரோகிராமை எழுதினதே நீதானேம்மா? ஊரான் பேரைப் பிடுங்கினப்ப போனஸ் இனிச்சுதில்ல?"

"இனிச்சுது சார். மெஷின் எட்டிப் பாக்கறதோட அதையும் சேர்த்துத்தான் ஏலம் கேட்ட எல்லாருக்கும் காலையிலேயே மெயில் போட்டுட்டேன். நீங்க சரின்னு சொல்லியிருந்தாதான் சங்கடமாப் போயிருக்கும்."

அவன் சிரிப்பு செத்தது. அடையாள அட்டையை மேசையில் வீசிவிட்டு அவள் வெளியே நடந்தாள்.