தோல் வில்லைகள்

காசுப் பெட்டியிலிருந்து எடுத்த தோல் வில்லையின் ஓரத்தில் வரிசையான ஊசித் துளைகளைப் பார்த்ததும் ரொட்டிக்கடைக்காரி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அவள் அடிக்கச் சொன்னது முரட்டுப் பழுப்புத் தோலில். இதுவோ கறுப்பு, மெருகேறி வழவழவென்றிருந்தது. பெட்டியைக் கிளறினாள். அதே மாதிரி இன்னும் இருபதுக்கு மேல்.

போர் தொடங்கிய மூன்றாம் வருஷத்தில் செப்புக் காசெல்லாம் தோட்டாவாகிப் போனது. நோட்டுக்குச் சில்லறை தர வழியில்லாமல்தான் தெருக்கோடியில் செருப்புத் தைப்பவனிடம் சொல்லி, காசளவுக்குத் தோலை வெட்டி, கடை முத்திரை குத்தி வாங்கினாள். ஒரு வில்லைக்கு ஒரு ரொட்டி. பால்காரர், சவரக்கடைக்காரர், எல்லோர் கையிலும் அது காசாகவே புழங்கியது. கள்ள வில்லை என்று ஒரு வாய் சொன்னால் போதும், மொத்தத் தெருவும் மறுநாளே கையிலுள்ள வில்லைக்கெல்லாம் ரொட்டி கேட்டுக் கடைவாசலில் நிற்கும். அத்தனை பேருக்கும் மாவு கிடையாது.

முத்திரை அச்சு இருப்பது ஒரே வீட்டில். செருப்புத் தைப்பவன் போர்முனைக்குப் போய் எட்டு மாதமாகிறது. கடையைச் சாத்திவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

அவன் மனைவி பட்டறையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கறுப்பு பூட்ஸ். பக்கமெல்லாம் வட்ட வட்டமாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. தன் கல்யாணத்துக்கென்று அவனே தைத்த ஜோடி. மழை நாளில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வருவான்.

வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு ரொட்டிக்கடைக்காரியின் வாயிலேயே நின்றுவிட்டது.

"ஏம்மா, அவன் வந்தா எதைப் போட்டுப்பான்?"

அவன் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். "வரமாட்டாருக்கா. போன மாசமே கடுதாசி வந்துடுச்சு. பிள்ளைங்ககிட்ட இன்னும் சொல்லல."

வாசலில் பிள்ளைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக்கடைக்காரி முக்காலியில் உட்கார்ந்தாள்.

"வெட்டினதுல இன்னும் எத்தனை இருக்கு?"

"ஒம்பது."

"அதுக்கு ரொட்டி வாங்கிக்கோ. இனிமே வெட்டாதே, வெட்டினதுக்கு ரொட்டியைச் சின்னதாக்கிச் சமாளிச்சுக்கறேன். அச்சை என்கிட்ட கொடு. காலைல மாவு பிசைய வந்துடு, எனக்கும் ஒரு ஆள் வேணும்."

"தெருவுக்கு என்னக்கா சொல்வீங்க?"

"மாவு மட்டம்னு சொல்றேன். யாரு கேக்கப்போறா?"

மறுநாள் ரொட்டி இரண்டு விரல் குட்டையாக வந்தது. சவரக்கடைக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, "என்னம்மா, ரொட்டியும் போர்முனைக்குப் போய்ட்டு வந்துச்சா? பாதி உடம்பைக் காணோம்!" என்றார். வரிசை முழுதும் சிரித்தது.

ரொட்டிக்கடைக்காரி சட்டென்று உள்ளே திரும்பிப் பார்த்தாள். மணிக்கட்டு வரை மாவுக்குள் புதைந்த இரண்டு கைகள், அப்படியே அசையாமல் நின்றிருந்தன.