வாசல் விடாத பிள்ளைகள்

போர்த்துகீசிய ஊரான சாந்தா பிரிஜிதாவின் பள்ளிக்கூடக் கதவு, ராஸ்பெரிப் பழம் பறிக்க நேபாளத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளை உள்ளே விடவில்லை. கதவு என்னவோ திறந்துதான் இருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் போனார்கள், பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நேபாளப் பிள்ளையான ஒன்பது வயது மன்மாயா நுழைந்தால், நிலைப்படியைத் தாண்டிய கால் மறுபடியும் முற்றத்து மண்ணிலேயே பதிந்தது. தச்சர் வந்து நிலையைச் செதுக்கிப் பார்த்தார். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். பிறகு, அந்த வருடம் ஆலிவ் விளைச்சல் குறைவு என்பதைப் போல இதையும் பேசிவிட்டு, ஊர் தன் வேலையைப் பார்க்கப் போனது.

அப்படிப் போக முடியாதவள் செலெஸ்தெ டீச்சர் ஒருத்திதான். அந்தப் பிள்ளைகளுக்குப் போர்த்துகீசியம் சொல்லிக்கொடுக்க அனுப்பப்பட்டவள். முற்றத்து மரத்தடியில் கரும்பலகையைச் சாய்த்து வைத்து நன்றி, மன்னிக்கவும், தயவுசெய்து என்று ஓயாமல் கற்பித்தாள். உட்கார இருப்புக் கொள்ளாமல் அவள் நடந்து நடந்தே மரத்தைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. ஈஸ்டருக்குள் வகுப்புக்குள் வராத பிள்ளைகளின் பெயரை நீக்கிவிடுவதாக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். நீக்கிவிட்டால் மன்மாயா நாள் முழுக்க அம்மாவோடு ராஸ்பெரி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்து வெக்கையில் கிடக்க வேண்டியதுதான்.

"டீச்சரம்மா, அந்தப் பொண்ணு நன்றி சொல்லிச் சொல்லியே தேஞ்சு போயிடும் போல," என்றாள் பள்ளி ஆயா இதாலினா, பெருக்கிக்கொண்டே.

செலெஸ்தெவுக்குச் சுருக்கென்றது. வருடத்துக்கு ஒரு ஊர் என்று மாற்றலாகிக்கொண்டே இருந்தவள் அவள். எல்லா ஊரிலும் நல்லவள் என்று பெயரெடுத்தாள். எந்த ஊரிலும் அவளைத் தேட ஒருவரும் இல்லை. அவள் யாரோடும் ஒருமுறைகூடச் சண்டை போட்டதில்லை.

முற்றத்தில் இரிஸ் என்ற உள்ளூர்ப் பெண் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். மன்மாயாவின் முறையையும் சேர்த்து அவளே தாண்டினாள். மன்மாயா புன்னகையோடு, "தயவுசெய்து," என்றாள்.

"தயவும் வேணாம் கியவும் வேணாம்!" செலெஸ்தெ கத்தினாள். "அழுகுணி ஆட்டம் ஆடாதே, இது என் முறைன்னு சொல்லுடி!"

மன்மாயா சொன்னாள். முதலில் மெதுவாக, பிறகு ஊருக்கே கேட்கும்படி.

"யாருடி அழுகுணி? நீ வந்ததே நேத்திக்கு!" என்றாள் இரிஸ்.

"நேத்து வந்தா என்ன? உனக்கு எண்ணத் தெரியாதா? மூணு தடவை தாண்டிட்டே!"

மணி அடித்தது. இரிஸ் திட்டிக்கொண்டே உள்ளே நடந்தாள். மன்மாயா பதிலுக்குப் பதில் கொடுத்தபடி பின்னாலேயே போனாள். நிலைப்படியை அவள் பார்க்கவே இல்லை. சண்டை இரண்டாவது பெஞ்சில் தொடர்ந்தது.

அதன்பின் செலெஸ்தெவின் பாடம் மாறியது. ஈஸ்டருக்குள் மற்ற பிள்ளைகளும் வாய்க்கு வாய் பேசி உள்ளே போனார்கள். இப்போதெல்லாம் செப்டம்பரில் புதுப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மார்கள் கதவைப் பற்றிக் கேட்பதில்லை. "இங்கே நல்லா சண்டை போடுற புள்ளை யாரு?" என்றுதான் இதாலினாவிடம் விசாரிக்கிறார்கள். அவள் துடைப்பத்தால் மன்மாயாவைக் காட்டுகிறாள்.