இரண்டு பன்னிரண்டுக்கு எடுத்த படம்

நான் கேட்டது எழுபத்திரண்டு மணி நேர லீவு. சங்கரநாராயணன் சார் எடுத்தது பதினான்கு நாள்.

அவர் எங்கள் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளர். குடும்பத்தோடு கிரீஸ் நாட்டில் ஒரு தீவுக்குப் போயிருந்தார். வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குத் திரும்பிய வாரமே, ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எங்களைக் கேன்டீனில் உட்காரவைத்தார். மாதாமாதம் 'மனம் விட்டுப் பேசுவோம்' என்று ஒரு கூட்டம் உண்டு. இந்த மாதம் அவர் மனம் விட்டுப் பேசினார்.

டிவியில் அவருடைய பயணப் படங்கள் ஓடின. வெள்ளைக் கோயில். கயிற்றில் காகிதக் கொடிகள். புனிதரின் படத்தைத் தோளில் சுமந்து துறைமுகத்துக்குப் போகிறார்கள். தகரத்தில் அடித்த கண், கால், கை எல்லாம் சாமி முன்னால் தொங்குகின்றன. பெரிய கொப்பரைகளில் ஆட்டுக்கறி வேகிறது.

பக்கத்தில் இருந்த சந்திரலேகா என் இடுப்பில் இடித்தாள். அறைத்தோழி, என்னைப் போலவே தெற்கத்திப் பெண்.

"ஏட்டி கனி, நம்மூரு கோயில் கொடையல்லா படம் புடிச்சிட்டு வந்துருக்காரு. வில்லுப்பாட்டு ஒண்ணுதான் இல்ல."

அடுத்த படத்தில் ஒரு கிழவர் பிடில் வாசித்தார்.

"அதுவும் இருக்குட்டி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏதென்ஸ்ல வேலை பாக்கறவன், ஜெர்மனில வேலை பாக்கறவன், எல்லாரும் அந்த ஒரு நாளுக்கு ஊருக்கு வந்துடறான்" என்றார் சார். "கப்பல்ல நிக்க இடமில்ல. வரலேன்னா சாமிக்கே அவமானம்னு நினைக்கிறான். பண்பாடுன்னா அதாம்மா."

எங்கள் ஊர் முப்பிடாதி அம்மன் கொடைத் திருவிழா ஆடி இரண்டாம் செவ்வாய். படிப்பு முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். வேலை கிடைத்தால் என் மகள் முளைப்பாரி எடுப்பாள் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். அந்த வேலை இதுதான். என் பேரில் விதை போட்டு, வெளிச்சம் படாமல் எட்டு நாள் வளர்த்தாள். ஒருவர் பேரில் போட்டதை இன்னொருவர் தலையில் எடுப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை.

விடுப்புக்கு, போனில் உள்ள கம்பெனி ஆப்பில் காரணம் எழுத வேண்டும். 'கோயில் கொடை' என்று எழுதினேன். அதுதான் நான் செய்த தப்பு. சூப்பர்வைசர் விமல்ராஜ் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்துக்காரர்.

"இன்னாம்மா நீ, பெரியப்பா செத்துட்டார்னு எழுதத் தெரியாதா? என் லைன்ல இந்த வருசம் மட்டும் பதினோரு பெரியப்பா செத்துகீறாங்க. ஒருத்தருக்கும் லீவு நின்னது இல்ல."

அம்மனைப் பார்க்க ஒரு மனிதரைச் சாகடித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஜூலை 27, திங்கள் மாலை நாலு நாற்பத்திரண்டுக்கு, டீ இடைவேளையில், பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டது. காரணம் ஏற்கத்தக்கதல்ல. இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து, பையையும் கட்டி வைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் முளைப்பாரி எடுத்துப் போனார்கள். என்னுடையது உள்ளறையிலேயே இருந்தது. நாலாம் நாள் அம்மா போனில், "சாஞ்சிட்டும்மா" என்றாள்.

ஹாஸ்டலில் எல்லோரும் விமல்ராஜைத் திட்டினார்கள். "நான் ஓகே போட்டுத்தான் அனுப்பினேன், மேல இன்னா ஆச்சோ" என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. சந்திரலேகா அவரோடு பேசுவதையே விட்டாள். பதிலின் கீழே இருந்த பேரை என் போனில் பார்த்தவள் நான் ஒருத்திதான்; ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுகிறவர் சார்.

டிவியில் நீண்ட மேசை வந்தது. ஊரே உட்கார்ந்து சாப்பிடுகிறது. நடுவில் சார். முன்னால் கறித்தட்டு, கையில் போன், முகம் போனைப் பார்த்துக் குனிந்திருக்கிறது. படத்தின் மேல் ஓரத்தில் தேதி, நேரம்: ஜூலை 27, 2:12.

"சாப்பாட்டுலயும் போனான்னு எங்க வீட்டு மேடம் திட்டினாங்க" என்று சிரித்தார். "நம்ம பிளான்ட் வேலையை நான் எங்க இருந்தாலும் விடறதில்ல."

முன்வரிசை கைதட்டியது. நானும் தட்ட ஆரம்பித்து நிறுத்தினேன். கிரீஸ் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால்.

"உங்க ஊர்லயும் இப்படித் திருவிழா இருக்குமே. யாராவது சொல்லுங்கம்மா."

பின்னால் விமல்ராஜ் சுவரில் சாய்ந்து நின்றார். அவரைச் சுற்றி இரண்டு நாற்காலி காலியாக இருந்தது.

கல்லூரியில்கூட நான் எழுந்து நின்று பேசியதில்லை. எழுந்தேன். நாற்காலி கிரீச்சிட்டது.

"ஏட்டி, உக்காரு" என்று சந்திரலேகா துப்பட்டாவை இழுத்தாள்.

"சொல்லும்மா, கனிஷ்காதானே? உங்க ஊர்ல என்ன விசேஷம்?"

"அந்தப் படத்தை மாத்தாதீங்க சார்."

என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"அங்க ரெண்டு பன்னிரண்டுன்னா இங்க நாலு நாப்பத்திரண்டு. எங்க ஊர்க் கொடைக்கு நான் கேட்ட லீவ நிறுத்துனது விமல்ராஜ் அண்ணன் இல்ல. ஆப்புல உங்க பேருதான் இருக்கு. அந்த மேசையில உக்காந்துதான் சார் நீங்க நிறுத்துனீங்க."