நாலு நாளாகச் சரியாக இருந்த உப்பு

சயாமுக்கு ரயில் பாதை போடப் புருஷனைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து மருதம்மாளின் கைக்கு உப்பு மறந்துபோயிற்று. ஒரு நாள் குழம்பில் இரண்டு தடவை போடுவாள். மறுநாள் ஒரு கல்கூடப் போடமாட்டாள். மலாயாவில் கோலா கெத்திலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் இப்போது ஜப்பான்காரத் துரை இருந்தான். அவனுக்குச் சமைப்பதுதான் அவள் வேலை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது நம் பழமொழி. ஜப்பான்காரனிடம் அது சமைத்தவள் கன்னத்திலே. எட்டு மாதத்தில் மூன்று அறை வாங்கியிருந்தாள்.

யாராவது விஷம் வைத்துவிடுவார்களோ என்று துரைக்குப் பயம். அதனால் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி சீனிவாசகம் தினமும் மத்தியானம் சமையல்கட்டுக்கு வந்து எல்லாவற்றிலும் ஒரு வாய் தின்று பார்த்து, பிறகு தானே தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார். சயாமுக்குப் போகிறவர்களின் பட்டியலை எழுதியவரும் அவர்தான். அவள் புருஷன் முனியாண்டியின் பேரை எழுதியது அந்தக் கைதான். அதே வாரம் அவருடைய ஒரே மகன் மனோகரனைச் சுங்கைப் பட்டாணிச் சந்தையில் வளைத்துப் பிடித்து அதே ரயிலில் ஏற்றிவிட்டார்கள். கிராணி மறுநாளும் நேரத்துக்கு ஆபீசுக்கு வந்தார். கல்நெஞ்சுக்காரன் என்று கூலி லயத்துப் பெண்கள் வாய் ஓயாமல் பேசினார்கள். மருதம்மாளும் கூடச் சேர்ந்துதான் பேசினாள்.

ஒரு திங்கட்கிழமை விடிகாலையில் விறகு பொறுக்கப் போனவள், ரப்பர் மரங்களுக்கு அப்பால் புதருக்குள் முனியாண்டியைக் கண்டாள். போன உடம்பில் பாதிதான் திரும்பி வந்திருந்தது. காலெல்லாம் புண். முகாமிலிருந்து தப்பி இரண்டு மாதமாகக் காடு வழியே நடந்து வந்திருந்தான். பிடிபட்டால் அவன் தலை போகும், மறைத்தவள் தலையும் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா என்பார்கள். மறைக்க அந்தக் காலத்தில் சோறு எங்கே இருந்தது?

இனி கை தடுமாறக் கூடாது என்று மருதம்மாள் முடிவு செய்தாள். தடுமாறினால் துரை பார்ப்பான், ஏன் என்று கேள்வி வரும். பங்களாப் படி ஏறும்போதே முனியாண்டியை மனசிலிருந்து இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவாள். புளி, மிளகாய், மஞ்சள் என்று ஒவ்வொன்றையும் வாய்க்குள் பேர் சொல்லிப் போடுவாள். உப்பை அள்ளும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். நாலு நாள் குழம்பு அமிர்தமாக வந்தது. துரை தட்டை வழித்துத் தின்றான். அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்துவிட்டது.

வியாழக்கிழமை கிராணி மீன் குழம்பை ஒரு வாய் தின்றார். எப்போதும் இல்லாத வழக்கமாக இரண்டாவது வாய்க்குச் சோற்றைப் பிசைந்தார். பிசைந்த கை நின்றது.

"எட்டு மாசமா உன் கைச்சோறு திங்கிறேன். திங்கக்கெழமையிலேருந்து உப்பு சரியா இருக்கு. முனியாண்டி எங்க இருக்கான்?"

தப்புச் செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்த மருதம்மாளுக்கு, சரியாகச் செய்தும் மாட்டலாம் என்று தோன்றவே இல்லை.

"புடிச்சுக் குடுக்கக் கேக்கல. எம் மவனும் அவன் கூடத்தான போனான்."

மனோகரன் கதையை முனியாண்டி வந்த அன்றைக்கே சொல்லியிருந்தான். உயிரோடு இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு வம்பில்லை. உன் புருஷன் மட்டும் எப்படித் திரும்பி வந்தான் என்று இந்த மனிதருக்கு வயிறு எரிந்தால், துரையிடம் ஒரு வார்த்தை போதும். எல்லாம் தெரிந்தும், அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"தம்பி இல்லீங்கய்யா. மூணாம் மாசமே வாந்திபேதி. எங்க வீட்டுக்காரருதான் குழி தோண்டுனாராம்."

கிராணி பிசைந்த சோற்றை வாயில் போட்டு மென்று விழுங்கினார். உள்ளேயிருந்து துரை குரல் கொடுத்தான். அவர் கையைக் கழுவி, தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று தினமும் சொல்கிற அந்த ஜப்பானிய வார்த்தைகளை அதே குரலில் சொல்வது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. இவரையா கல்நெஞ்சுக்காரன் என்று பேசினோம் என்று மருதம்மாள் வெட்கப்பட்டாள். சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்து அழுதாள்.

அவர் காலித் தட்டோடு திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். நாளைக்குக் காலையில் கிழங்கு வண்டி திகாம் பத்து ஊருக்குப் போகிறது என்றார். வண்டிக்காரன் நம்ம ஆள், மூட்டைகளுக்கு நடுவில் முனியாண்டியைப் படுக்க வைத்துவிடலாம், அங்கே தன் தங்கச்சி வீட்டில் புண் ஆறும்வரை இருக்கட்டும் என்றார். மருதம்மாள் காலில் விழப் போனாள். அவர் விலகி நின்றார்.

"என் சம்சாரம் அங்கதான் இருக்கா. மனோகரனப் பத்திக் கேப்பா," என்றார். "பாத்தேன், நல்லா இருக்கான்னு சொல்லச் சொல்லு."