ஊஞ்சலில் கட்டிய சோழிச் சரம்

"இந்த வருசம் கடை போட வேணாம்னா போட வேணாம்!"

குருநாதன் சொன்னதோடு நிற்கவில்லை. மனைவியின் கையிலிருந்த சோழிப் பெட்டியைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். கண்ணம்மா குனிந்து அதை மறுபடி வெளியே இழுத்தாள்.

"காரணத்தச் சொல்லிட்டுத் தள்ளுய்யா."

"சின்னப் பண்ண வந்திருக்காரு. ஜம்புலிங்கம்." தன் வீட்டுக்குள்ளேயே அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மெட்ராஸ் கப்பல்லேருந்து அவரு எறங்குறப்ப தொறமொகத்துல பாத்தேன். ரோடு காண்ட்ராக்ட் எடுத்திருக்காராம். திருவிழா லைட்டு பூரா அவரு உபயந்தான். ஒன்னயக் கண்டாருன்னா அவ்வளவுதான்."

"நான் என்ன திருடிட்டா வந்தேன்?"

"அவரு பண்ணச் சேரிய விட்டு வந்தோம்ல, அது போதும்."

அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்ணையை விட்டுக் கப்பலேறியபோது மூட்டையை எடை போட்டார்கள். சாதியை யாரும் எடை போடவில்லை. அந்தமானில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனிடம் "எந்த ஜில்லா?" என்று கேட்பான். அதற்கு மேலும் தோண்டுகிறவர்களிடம் குருநாதன் இந்தியில் ஏதாவது சொல்லிச் சிரித்து நழுவிவிடுவான். அவர்கள் குடியிருந்த லம்பா லைன் பகுதியில் வங்காளியும் தெலுங்கரும் அவர்களும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்கள்.

கடல் உள்வாங்கி வற்றம் விழும் நாட்களில் கண்ணம்மா கரையில் சோழி பொறுக்குவாள். உள்ளே இருக்கும் சதை போக மணலில் புதைத்து வைத்து, கழுவி, குத்தூசியால் துளை போட்டு, தூண்டில் நரம்பில் கோப்பாள். சரம், விளக்கு, சிப்பி ஒட்டிய குங்குமச் சிமிழ் எல்லாம் அவள் கைவேலை. மாரியம்மன் திருவிழாக் கடைத்தெருவில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அம்மன் ஆடும் ஊஞ்சலுக்கு அவள் கோத்த சரத்தைத்தான் கட்டுவார்கள். ஊரில் அம்மனை எல்லைக் கல்லுக்கு அப்பால் நின்று கும்பிட்டவளுக்கு இது எவ்வளவு பெரிய வாழ்வு! அதை ஒருவன் கப்பலில் வந்து இறங்கிவிட்டான் என்பதற்காக விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் விளக்கு வைக்கும் நேரத்தில் விசாலாட்சி அம்மாள் கடை முன்னால் வந்து குனிந்தாள்.

"ஏங்க, இந்தச் சிமிழ் எவ்வளவு அழகா இருக்கு பாருங்களேன்!"

பின்னால் நின்ற அவள் கணவர் ஜம்புலிங்கம். கண்ணம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். ஆனால் அவர் சிமிழைத்தான் பார்த்தார். ஊரிலும் அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை; பார்த்திருந்தால்தானே அடையாளம் தெரியும்? "சரி, கொடு" என்று கை நீட்டினார்.

இத்தனை வருடமாக யார் கையிலும் சாமானைக் கொடுத்துப் பழகியவள் அவள். ஆனாலும் அந்தக் கையைக் கண்டதும் உடம்பு பழைய ஊருக்குப் போய்விட்டது. சிமிழைக் காகிதத்தில் சுற்றி, அவர் காலுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு, இரண்டடி பின்வாங்கித் தலை குனிந்து நின்றாள்.

செய்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

"எந்த ஊரு நீ?"

"போர்ட் பிளேருங்க."

"அதுக்கு முன்னாடி? யாரு பண்ணையில இருந்தே?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் ஒரு பொய் வந்தது. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"ஒங்க பண்ணயிலதான்."

ஜம்புலிங்கம் மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். சிமிழ் தரையிலேயே கிடந்தது.

"க்யா ஹுவா, தீதி?" என்று என்ன நடந்ததென விசாரித்தாள் பக்கத்தில் பிரம்புக்கூடை விற்ற வங்காளிப் பெண்.

ஒன்றுமில்லை என்று தலையாட்டி, "குச் நஹீ" என்றாள் கண்ணம்மா.

கொஞ்ச நேரத்தில் கோயில் கமிட்டிச் செயலாளர் பக்தவத்சலம் வந்தார். ஊஞ்சலில் கட்டியிருந்த சரத்தை ஒரு மூங்கில் கொம்பின் நுனியில் தொங்கவிட்டுத் தூக்கி வந்திருந்தார்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. லைட்ட அணைச்சுருவேங்கறாரு காண்ட்ராக்டர். மெயின்லாண்டுலேருந்து வந்தவரு மனசு நோகக் கூடாதில்ல?"

"என் மனசு?"

பக்தவத்சலம் கொம்பைச் சாய்த்தார். சரம் நழுவித் தெருவின் குறுக்கே விழுந்தது. "எடுத்துக்கிட்டுக் கடையக் கட்டு. ஜல்தி. அம்மன் பொறப்பட்டாச்சு."

கண்ணம்மா எழுந்து வந்து இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"கையில குடுங்க. இத வாங்குறப்ப என் வூட்டு வாசல்ல வந்து, என் கையிலேருந்துதான வாங்குனீங்க?"

பக்தவத்சலம் கொம்பைக் கை மாற்றிக்கொண்டார். அதற்குள் மேளம் நெருங்கிவிட்டது. பல்லக்கு தெருமுனை திரும்பி வந்து சரத்துக்கு முன்னால் நின்றது. இரண்டு பக்கமும் கடைகள். ஊஞ்சல் பந்தலுக்குப் போக வேறு வழி கிடையாது.

"மிதிச்சுராதீங்கடா! நேத்து அம்மன் மேல பட்ட சரம்!" என்று பூசாரி கத்தினார்.

"அப்ப எடுங்க சாமி" என்றான் பல்லக்குத் தூக்கி ஒருவன்.

பூசாரி செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பல்லக்குக்கு முன்னால் வந்துகொண்டிருந்த ஜம்புலிங்கத்தைப் பார்த்தார். ஒருவர் கையும் நீளவில்லை. அம்மன் தொட்டதால் மிதிக்கக் கூடாது. கண்ணம்மா கோத்ததால் தொடக் கூடாது. நம்முடைய ஆசாரத்தின் அழகே அழகு!

கூட்டத்தை இடித்துக்கொண்டு குருநாதன் ஓடி வந்தான். "நான் எடுத்துடறேங்க சாமி, மன்னிச்சுக்குங்க" என்று குனிந்தான்.

"நிமிருய்யா" என்றாள் கண்ணம்மா.

பாதி குனிந்தவன் அவளைப் பார்த்தான். பிறகு ஜம்புலிங்கத்தைப் பார்த்தான். ஆனாலும் நிமிர்ந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

மேளம் ஓய்ந்தது. பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றிக்கொண்டார்கள். உபய விளக்குகளின் வெளிச்சத்தில் நீட்டிய கைகளோடு கண்ணம்மா நின்றுகொண்டிருந்தாள். ஜம்புலிங்கம் வேறு எங்கும் பார்க்க முடியாமல், முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.